கடைமடைக்கு வராத கரண்டு

ரயில்வே கேட் மூடியிருந்தால் அப்பா முதல் வேலையாக ஹெட்லைட்டை அணைப்பார். எதிரே நிற்கிற லாரிக்காரருக்குக் கண் கூசக் கூடாது என்று எங்களிடம் சொல்லுவார். அசல் காரணம் டேஷ்போர்டில் இருந்தது. வட்டமான ஒரு மீட்டர். நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 30 ஆம்பியர் வரை கோடுகள். வண்டி நின்றபடி என்ஜின் மெல்ல ஓடும்போது லைட்டும் எரிந்தால் முள் கழித்தல் பக்கம் சாயும். பேட்டரி கரைகிறது என்று பொருள். அப்பா ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிப்பார். முள் எழுந்து கூட்டல் பக்கம் வரும். காலை எடுத்தால் திரும்பப் படுத்துக்கொள்ளும். கேட் திறக்கும்வரை அவர் காலுக்கும் அந்த முள்ளுக்கும் இதே பேச்சுதான். கவனிக்காமல் விட்டு, என்ஜினும் அணைந்துபோனால் நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு முறை தள்ளியிருக்கிறோம். ஒரு முறை மழையில்.

இன்றைய கார்களில் அந்த மீட்டர் இல்லை. கேட்டில் நிற்கும்போது ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, இரண்டு போன் சார்ஜ் ஏறுகின்றன, யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதில்லை. கரண்டுப் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை வாசலில் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. என் கணிப்பில் நோய் இடம் மாறிவிட்டது. அன்று ஊற்றில் தண்ணீர் இல்லை. இன்று ஊற்று பொங்குகிறது, வாய்க்கால் தாங்கவில்லை.

ஊற்றிலிருந்தே தொடங்கலாம். அன்றைய ஊற்றின் பெயர் டைனமோ. நீண்ட டப்பா போல என்ஜின் பக்கத்தில் தொங்கும். அதில் காந்தப்புலம் தரும் சுருள் வெளியே அசையாமல் நிற்கும். மின்சாரம் பிறக்கும் ஆர்மேச்சர் உள்ளே சுழலும். சுழல்கிற ஒன்றில் பிறந்த கரண்டு முழுவதையும் வெளியே எடுக்க ஒரே வழி, கம்யூட்டேட்டர் என்ற செம்புப் பட்டைகளும் அவற்றின் மேல் உரசும் இரண்டு கார்பன் பிரஷ்களும். பொறி பறக்கும், சூடாகும், தேயும். அதனால் ரொம்ப வேகமாகச் சுற்றவும் முடியாது. மெதுவாகச் சுற்றினாலோ பேட்டரியைவிடக் குறைந்த வோல்ட்தான் வரும். அப்போது பேட்டரியிலிருந்து கரண்டு டைனமோவுக்குள் திரும்பி ஓடிவிடாமல் இணைப்பைத் துண்டிக்க கட்-அவுட் என்று ஒரு ரிலே. அதோடு சேர்ந்து வோல்ட்டைக் கட்டுப்படுத்த இன்னொரு சுருள். எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியைத் திறந்து, பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்வதில் கை தேர்ந்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

அந்தத் தலைமுறையின் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி-40 டைனமோ முழு மூச்சில் தந்தது 22 ஆம்பியர். ஏறத்தாழ 300 வாட். அதற்குள்தான் ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர், ஹாரன் எல்லாம். இன்று ஒரு சின்னக் காரை நின்ற இடத்தில் திருப்பினால் அதன் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மட்டுமே அந்த நொடியில் இதைவிட அதிகம் இழுத்துவிடும்.

லூகாஸ் என்ற பெயர் நமக்கு அந்நியமில்லை. 1961இல் இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை சென்னை பாடியில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர்தான். வயர்களின் நிறமும் அந்த வழியில் வந்ததுதான். பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, அதிலிருந்து பியூஸ் வழியாகப் போவது பச்சை, ஹெட்லைட் நீலம், பின் விளக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. படிக்கத் தெரியாத மெக்கானிக்கும் இந்த நிறங்களைப் படித்துவிடுவார். பியூஸ் எத்தனை தெரியுமா? பெரும்பாலான வண்டிகளில் இரண்டே இரண்டு கண்ணாடிக் குழாய். ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. ராத்திரியில் ஒரு பியூஸ் போய் மொத்தமும் இருண்டுவிடக் கூடாது என்ற எண்ணம். இருள் வராது, ஷார்ட் ஆனால் புகை வரும்.

மாற்றம் அமெரிக்காவில் தொடங்கியது. காரில் ஆல்டர்நேட்டர் வைக்கலாம் என்பது முன்பே தெரிந்ததுதான். அது தரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கத்தான் அடக்கமான கருவி இல்லை. சிலிக்கான் டயோடு மலிவானதும் கதவு திறந்தது. 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டர் சாதாரணப் பொருத்தமாகவே வந்தது. நம் ஊருக்கு அது வந்து சேர நாளாயிற்று. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நெடுங்காலம் டைனமோவிலேயே ஓடின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதனுள் ஆல்டர்நேட்டர் இருந்தது. அதன் ஏசியையும் சுருக்கென்று எடுக்கும் செல்ஃபையும் பேசிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை.

செய்த காரியம் எளிது. உள்ளேயும் வெளியேயும் இடம் மாற்றிவிட்டார்கள். காந்தம் உள்ளே சுழல்கிறது. மின்சாரம் பிறக்கும் சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. நிற்கிற சுருளிலிருந்து கரண்டை எடுக்க பிரஷ் வேண்டாம், கனத்த வயரை நட்டுப் போட்டு முடுக்கிவிடலாம். பிரஷ் வழியாகப் போவது காந்தத்தை எழுப்பும் மூன்று நான்கு ஆம்பியர் மட்டும். அதனால் என்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்ற விடலாம். வண்டி நின்றபடி ஓடினாலும் சார்ஜ் ஏறும். டயோடு ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடுவதால் கட்-அவுட் தேவையில்லை. கறுப்புப் பெட்டி காணாமல் போனது. பாயின்ட் தேய்ப்பவரின் மரியாதையும் கூடவே போனது.

இங்கேதான் வாய்க்காலின் முறை வருகிறது.

மின்தடை என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஓம் தன் விதியை 1827இல் எழுதினார். அன்றிலிருந்து ஒரு எழுத்து மாறவில்லை. வயரில் ஓடும் ஆம்பியரை அந்த வயரின் ஓம் அளவால் பெருக்கினால், வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். நகைக்கடைக்காரர் போடும் சேதாரம் மாதிரி. அது எங்கும் போகவில்லை, சூடாக மாறி வயரிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கரண்டு இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். இந்த இரண்டு கணக்கும் தெரிந்தால் கார் வயரிங்கின் முக்கால் வாசிப் பாடம் முடிந்தது.

பழைய காரின் ஹெட்லைட் கரண்டு நடந்த நடையைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஆம்பியர் மீட்டர், அங்கிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து தரையில் கிளட்ச் பக்கத்தில் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச், அங்கிருந்து திரும்ப முன்னால் வந்து இரண்டு பல்புக்கும். ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு 0.0175 ஓம், ஆறு மீட்டருக்கு 0.1 ஓம் சொச்சம். 45 வாட் பல்பு இரண்டுக்கு ஏழரை ஆம்பியர். முக்கால் வோல்ட் வயரிலேயே போயிற்று. சுவிட்சுகள், பூத்துப்போன கப்ளர், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து இன்னொரு முக்கால் வோல்ட் எடுத்துக்கொண்டால், பேட்டரியில் 12 இருந்தாலும் பல்புக்கு வருவது பத்தரை. எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். இழைப் பல்பின் ஒளி வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பத்தரை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். மண்ணெண்ணெய் விளக்கு நிறத்தில் ஒரு மஞ்சள் வட்டம் ரோட்டில் விழும். எங்கள் பிள்ளைப்பிராயத்து இரவுப் பயணமெல்லாம் அந்த மஞ்சளுக்குள்தான்.

டைனமோ காலத்தில் இந்தச் சேதாரம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஊற்றே வற்றியிருந்தது. மங்கல் என்றால் டைனமோ சரியில்லை, பிரஷ் மாற்று என்பார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது. ஆல்டர்நேட்டர் வந்து 14 வோல்ட்டைக் குறையாமல் கொடுக்கத் தொடங்கியதும் மக்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சென்னை ஜி.பி. ரோட்டில் போய் 100 வாட் ஹாலஜன் பல்பு வாங்கி, அதே பழைய வயரில், அதே சுவிட்சில் மாட்டினார்கள். ஏழரை ஆம்பியர் போன பாதையில் பதினாறு ஆம்பியர். சூடு ஏறத்தாழ ஐந்து மடங்கு. வீடு வருவதற்குள் டிப்பர் சுவிட்ச் உருகி, பிளாஸ்டிக் நாற்றம் கார் முழுக்க. ஊற்று பெரிதானது என்று வாய்க்காலுக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய காரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டர் மாட்டியவர்களுக்கும் இதே கதைதான். 22 ஆம்பியருக்காகப் போட்ட பழுப்பு வயரும் 30 ஆம்பியர் மீட்டரும் அப்படியே இருக்க, 40 ஆம்பியர் தருகிற ஒன்றை அதன் தலையில் கட்டினார்கள். பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் அது முழுக் கரண்டையும் தள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரின் நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், அந்த இடம் அடுப்பு. இப்படி மாற்ற நினைப்பவர்கள் ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகக் கனத்த வயரும் நடுவில் பியூஸும் போட்டுவிட்டு, பிறகு மற்றதைப் பேசலாம்.

ரிலே வந்துதான் ஹெட்லைட்டைக் காப்பாற்றியது. உள்ளங்கையில் இரண்டு மூன்று அடங்கும் ஒரு சதுர டப்பா. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக அதற்குப் போவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. பல்புக்கான கரண்டு பேட்டரியிலிருந்து நேராக, கனத்த வயரில், ஒரு மீட்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பல்பை மாற்றாமல் ரிலே வயரிங் மட்டும் போட்டுவிட்டு இரவில் ஓட்டிப் பார்த்தவர்கள் முகத்தில் வருகிற வியப்பைப் பார்க்க வேண்டும். "புது பல்பா சார்?" என்று கேட்பார்கள். பல்பு பழசுதான், கடைமடைக்குத் தண்ணீர் இன்றுதான் வந்தது.

ஆல்டர்நேட்டரோடு சில பழக்கங்களும் செத்தன. சாக மறுத்தவை செலவு வைத்தன. ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, என்ஜின் நிற்காமல் ஓடினால் 'சார்ஜிங் ஓகே' என்று சொல்லும் பழக்கம் ஒன்று. டைனமோ வண்டியில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆல்டர்நேட்டர் வண்டியில், பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த கரண்டை அப்படித் திடீரென்று அறுத்தால் ஒரு நொடிக்குள் வோல்ட் 100ஐ நெருங்கிவிடக்கூடும். டயோடு போகும், இன்றைய வண்டி என்றால் கம்ப்யூட்டரும் போகும். பேட்டரியை மாற்றி மாட்டுவதும் அப்படித்தான். பழைய மோரிஸ் வகைக் கார்களில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்த காலம் ஒன்று இருந்தது. டைனமோவுக்கு எந்தப் பக்கம் எர்த் என்றாலும் ஒன்றுதான், ஒரு முறை பொறி காட்டிப் பழக்கிவிட்டால் போதும். டயோடுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

எர்த் என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஒருநாள் காலை அப்பா செல்ஃப் போட்டார். என்ஜின் முனகியது. டேஷ்போர்டில் சோக் குமிழிலிருந்து மெல்லிய புகை. இன்னொரு முறை போட்டார். குமிழைத் தொட்ட கையை உதறிக்கொண்டு இறங்கினார். சோக் என்பது வெறும் கம்பி, அதற்குள் மின்சாரமே இல்லை. வயரிங் எங்கோ ஷார்ட், மொத்தமும் பிரிக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. தெருமுனைக் கடையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார், வயரைப் பல்லால் சீவுகிற தலைமுறை. பானெட்டுக்குள் ஒரு பார்வை, வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சார், போன வாரம் கிளட்ச் வேலை பார்த்தீங்களா?"

பார்த்திருந்தோம். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்டு போகாது. அதனால் என்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை இருக்கும். கியர் பாக்ஸை இறக்கியவர்கள் அதை மாட்ட மறந்துவிட்டார்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அது பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி தேடியது. என்ஜினையும் டேஷ்போர்டையும் இணைத்த ஒரே உலோகம் சோக் கம்பி. அது அடுப்புக் கம்பியாகிவிட்டது. பெரியவர் டப்பாவிலிருந்து ஒரு பழைய பட்டையை எடுத்து, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, முடுக்கினார். செல்ஃப் சுருக்கென்று எடுத்தது. என்னிடம் சொன்னார்: "தம்பி, போற வழியை எல்லாரும் பார்ப்பான். திரும்பி வர்ற வழியை எவனும் பார்க்க மாட்டான்."

இன்றும் அதுதான். பின்னால் போகிற வண்டியிலிருந்து கவனித்திருப்பீர்கள்: முன் வண்டிக்காரர் பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் சேர்ந்து மினுங்கும். அந்த விளக்குக் கூட்டின் எர்த் போய்விட்டது. கரண்டு பக்கத்துப் பல்பின் இழை வழியாக ஊருக்குத் திரும்புகிறது. கடைமடை என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போதைய வண்டிக்கு வருவோம். ஆல்டர்நேட்டருக்கே இப்போது கம்ப்யூட்டர் கட்டளையிடுகிறது. பல புதிய வண்டிகளில் ஓட்டத்தின்போது வோல்ட்டை வேண்டுமென்றே இறக்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 15ஐ ஒட்டி ஏற்றுகிறது, பெட்ரோல் மிச்சம். இதை அறியாமல் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மீட்டரில் 12.6 பார்த்துவிட்டு ஆல்டர்நேட்டர் போச்சு என்று கழற்றுகிறவர்கள் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்து போகிற வருகிற கரண்டை எண்ணுகிறது. ஆம்ப்ளிஃபயர் மாட்டுகிறவர் எர்த் வயரை நேராக நெகட்டிவ் முனையில் போட்டால், சென்சார் கணக்கில் அது வராது. கல்லாவில் போடாமல் பையில் போட்ட காசு மாதிரி. கணக்கு தவறி பேட்டரி பட்டினி கிடக்கும்.

இதைவிட வேடிக்கை எல்.இ.டி. இண்டிகேட்டர். அது இழுக்கும் கரண்டு மிகக் குறைவு. 21 வாட் பல்பை எதிர்பார்த்திருக்கும் வண்டி, பல்பு பியூஸ் போய்விட்டது என்று நினைத்துப் படபடவென்று அடிக்கிறது. தீர்வாகக் கடையில் விற்பது என்ன தெரியுமா? மின்தடை. தங்க நிறத்தில் 6 ஓம் ரெசிஸ்டர். அதை வயரில் சேர்த்து இரண்டு ஆம்பியரை வெறுமனே சூடாக்கி வீணடித்தால் வண்டி சமாதானமாகிறது. அரை ஓம் மின்தடையைத் தேடி ராத்திரி முழுக்கக் கண் விழித்த பெரியவர், காசு கொடுத்து மின்தடை வாங்குகிற காலத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மின்சாரக் காரில் ஆல்டர்நேட்டரே இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை ஒரு கன்வெர்ட்டர் இறக்கித் தருகிறது. லைட்டும் ஹாரனும் பழைய மாதிரி 12 வோல்ட்டில்தான். சேதாரக் கணக்கு மட்டும் எவரையும் விடவில்லை. 6 வோல்ட்டிலிருந்து 12க்கு அமெரிக்கக் கார்கள் 1950களில் தாவியது அதனால்தான். 2023இல் வந்த டெஸ்லா சைபர்டிரக் 48 வோல்ட்டுக்குப் போனதற்கும் அதுவே பெரிய காரணம்: வோல்ட் நான்கு மடங்கானால் அதே வேலைக்குக் கால் பங்கு கரண்டு போதும், அதே வயரில் சூடு பதினாறில் ஒன்று.

நான் இவ்வளவு எழுதியதற்குக் காரணம் கடைசியாக ஒன்று. டெஸ்ட் லேம்ப் பொய் சொல்லும். இருபது இழையில் ஒரே இழை மிஞ்சிய வயரிலும் அது பளிச்சென்று எரியும், மல்டிமீட்டர் 12 காட்டும். ஏனென்றால் கரண்டு ஓடாதபோது சேதாரம் கிடையாது. சுமையை ஏற்றினால்தான் வயரின் குணம் தெரியும். அன்று பொறி தட்டிப் பார்த்தார்கள், இன்று ஸ்கேனரைச் செருகுகிறார்கள். நடுவில் இருக்கிற இரண்டு நிமிடச் சோதனையை மட்டும் பல இடங்களில் செய்வதில்லை. அடுத்த முறை உங்கள் வண்டி செல்ஃப் எடுக்காமல் முனகி, கடைக்காரர் புது பேட்டரி என்றாலோ, ஆல்டர்நேட்டர் என்றாலோ, தலையாட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் அந்த எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டச் சொல்லுங்கள்.